வட்டப் பண்டமும் வட்ட எண்ணும்

ஆண்டுதோறும் மார்ச் 14 ஆம் நாள் அமெரிக்காவில் பல வீடுகளிலும் பள்ளிகளிலும் ஒரு வட்டமான பண்டத்தைச் சுட்டு, பங்கிட்டு உண்கிறார்கள். அது சமயப் பண்டிகை அன்று. தேசத் திருநாளும் அன்று. ஓர் எண்ணுக்காக எடுக்கும் விழா அது!

அமெரிக்கர்கள் தேதி எழுதும்போது மாதத்தை முன்னும் நாளைப் பின்னும் எழுதுவர். ஆகவே மார்ச் 14 அவர்களுக்கு 3/14 ஆகிறது. ஒரு வட்டத்தின் பரிதியை அதன் விட்டத்தால் வகுத்தால் கிடைக்கும் 3.14159... என்னும் எண்ணின் தொடக்கமும் அதுவே. இந்த எண்ணுக்கு ஒரு கிரேக்க எழுத்தைக் குறியீடாக 1706 இல் வழங்கியவர் வில்லியம் ஜோன்ஸ். அதைப் பரப்பியவர் கணித மேதை ஆய்லர். அந்த எழுத்தை ஆங்கிலத்தில் 'பை' என்று ஒலிப்பர். பழமோ இறைச்சியோ உள்ளே வைத்து மாவால் மூடிச் சுடும் பண்டத்திற்கும் ஆங்கிலத்தில் 'பை' என்றே பெயர். இந்த ஒலி ஒற்றுமையே விழாவுக்குக் காரணம். நமக்கோ 'பை' என்றால் கடைக்கு எடுத்துச் செல்லும் துணிப்பைதான் முதலில் நினைவுக்கு வரும். குழப்பம் நேராமலிருக்க இக்கட்டுரையில் எண்ணைப் 'பை எண்' என்றும், தின்பண்டத்தைப் 'பைப் பண்டம்' என்றும் குறிப்போம்.

சான்பிரான்சிஸ்கோ நகரில் 'எக்ஸ்புளோரடோரியம்' என்னும் அறிவியல் காட்சியகம் உள்ளது. பிராங்க் ஓப்பன்ஹைமர் என்னும் இயற்பியலறிஞர் 1969 இல் நிறுவியது. அங்குப் பணியாற்றிய லாரி ஷா என்ற இயற்பியலாளர் 1988 இல் இவ்விழாவைத் தொடங்கி வைத்தார். வட்டமாக ஊர்வலம் வருவது, பழப் பைப் பண்டம் உண்பது, இவையே நிகழ்ச்சிகள். பிற்பகல் 1 மணி 59 நிமிடம்தான் நல்ல நேரம்! 3.14 க்கு அடுத்த இலக்கங்கள் 159 அல்லவா? வேடிக்கையாகத் தொடங்கிய இந்நாளை 2009 இல் அமெரிக்கப் பிரதிநிதிகள் சபை தீர்மானம் நிறைவேற்றி ஆதரித்தது. 2019 இல் யுனெஸ்கோ நிறுவனம் மார்ச் 14 ஐப் பன்னாட்டுக் கணித நாளாக அறிவித்தது.

பெயர்ப் பொருத்தம் வெறும் வேடிக்கையே. ஆனால் பைப் பண்டத்தைச் சுடுகையில் உண்மையான கணிதமும் இயற்பியலும் உண்டா? உண்டு. அவற்றைக் காண்போம்.

எவ்வளவு மாவு, எவ்வளவு பூரணம்?

கொழுக்கட்டையில் மேல்மாவும் பூரணமும் இருப்பதுபோல இதிலும் இரண்டும் உண்டு. விளிம்புள்ள ஒரு வட்டத் தட்டில் மாவை அப்பளம்போல் பரப்பி, ஆப்பிள் துண்டுகளை நிரப்பி, மற்றொரு மாவு வட்டத்தால் மூடி ஓவனில் வைத்துச் சுடுவார்கள்.

சமையற் குறிப்பு 8 அங்குலத் தட்டுக்கு எழுதப்பட்டிருக்கிறது. உங்களிடம் இருப்பதோ 9 அங்குலத் தட்டு என்று கொள்வோம். ஓர் அங்குலந்தானே என்று அதே அளவுப் பூரணத்தை வைத்தால் தட்டு நிரம்பாது. ஏன்? வட்டத்தின் பரப்பு ஆரத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது. 8 அங்குலத் தட்டின் பரப்பு சுமார் 50 சதுர அங்குலம். 9 அங்குலத் தட்டின் பரப்பு ஏறத்தாழ 64. ஆகவே 27 விழுக்காடு கூடுதலாக வேண்டும். இன்னொரு வியப்பையும் பாருங்கள். 7 அங்குலப் பண்டங்கள் இரண்டைக் காட்டிலும் 10 அங்குலப் பண்டம் ஒன்று சற்றுப் பெரியது! 7 இன் வர்க்கம் 49. இரண்டுக்கும் சேர்த்து 98. 10 இன் வர்க்கமோ 100.

அடுக்கடுக்காக உதிர்வது எதனால்?

நம் ஊர் பேக்கரிகளில் விற்கும் 'பப்ஸ்' அடுக்கடுக்காக உதிர்வதைக் கண்டிருப்பீர்கள். பைப் பண்டத்தின் மேல்மாவும் அவ்வாறே உதிர வேண்டும். மைதா, வெண்ணெய், தண்ணீர் ஆகியவற்றை எடையில் 3:2:1 என்ற விகிதத்தில் சேர்ப்பது வழக்கம். 9 அங்குலத் தட்டுக்கு 330 கிராம் மைதா, 220 கிராம் வெண்ணெய், 110 கிராம் தண்ணீர், சிறிது உப்பு போதும்.

கோதுமை மாவில் தண்ணீர் ஊற்றிப் பிசைந்தால் அதிலுள்ள புரதங்கள் இணைந்து 'குளூட்டன்' என்னும் மீள்தன்மையுள்ள வலையாகின்றன. பரோட்டாவுக்கு அது வேண்டும். பைப் பண்டத்திற்கோ அது மிகுந்தால் மேல்மாவு தோல்போல் கடினமாகிவிடும். எனவே குளிர்ந்த வெண்ணெயைத் துண்டுகளாக்கி, பட்டாணி அளவாகும்வரை மாவில் உதிர்த்துவிட வேண்டும். பிறகு பனிக்கட்டி போட்ட தண்ணீரைத் தெளித்து மாவைத் திரட்டினால் போதும், பிசையக்கூடாது. இம்மாவை ஒரு மணி நேரம் குளிர்பெட்டியில் வைத்தபின் வட்டமாகத் தேய்த்தால், வெண்ணெய்த் துண்டுகள் மாவுக்கிடையே மெல்லிய தகடுகளாகப் பரவும்.

ஓவனில் வெண்ணெய் உருகுகிறது. அதிலும் மாவிலும் உள்ள நீர் ஆவியாகிறது. நீர் ஆவியாகும்போது அதன் பருமன் சுமார் 1,600 மடங்கு பெருகும். அந்த ஆவி வெளியேற முயன்று மாவு அடுக்குகளைப் பிரித்துத் தூக்குகிறது. அதற்குள் மாவு வெந்து இறுகிவிட்டால் அடுக்குகள் அப்படியே நிலைக்கும். ஆனால் ஓவனுக்குள் போகுமுன்பே வெண்ணெய் உருகி மாவோடு கலந்துவிட்டால் பிரிப்பதற்கு அடுக்கு ஏது? வெண்ணெய் 35 டிகிரி செல்சியஸ் அளவிலேயே உருகிவிடும். நம் கோடைக்காலச் சமையலறையின் வெப்பநிலையும் ஏறக்குறைய அதுவே. எனவே நம் நாட்டில் இதைச் செய்பவர்கள் மாவு, பாத்திரம் அனைத்தையும் முன்னதாகவே குளிர வைப்பது நல்லது.

மேலே பொன்னிறம், அடியில் ஈரம்

மேல்மாவின் பொன்னிறமும் மணமும் 'மெயிலார்டு வினை'யால் தோன்றுபவை. புரதக்கூறுகளும் சர்க்கரையும் சுமார் 140 டிகிரிக்கு மேல் விரைவாக வினைபுரிகின்றன. பிரெஞ்சு அறிஞர் மெயிலார்டு 1912 இல் இதை விளக்கினார். பூரணமோ ஈரமுள்ளது. நீர் இருக்கும்வரை அதன் வெப்பநிலை 100 டிகிரியை ஒட்டியே நிற்கும். ஒரே பண்டத்தில் ஒரு பகுதி 140 ஐத் தாண்ட வேண்டும். மற்றொன்றால் 100 ஐத் தாண்ட முடியாது. இரண்டுக்கும் நடுவில் அகப்பட்டுக்கொள்வது அடிமாவுதான். அது இறுகுமுன் பழச்சாறு ஊறினால் களிபோல் ஆகிவிடும்.

இதற்கு வழி, அடியிலிருந்து வெப்பத்தை விரைவாகச் செலுத்துவது. கண்ணாடியைக் காட்டிலும் அலுமினியம் சுமார் 200 மடங்கு நன்றாக வெப்பத்தைக் கடத்தும். பளபளக்கும் தட்டு வெப்பக் கதிர்களைத் திருப்பி அனுப்பும். கருநிறத் தட்டு உறிஞ்சிக்கொள்ளும். எனவே நிறம் மங்கிய உலோகத் தட்டே ஏற்றது. முதல் 20 நிமிடம் 220 டிகிரியில் சுட்டு, பிறகு 190 டிகிரிக்குக் குறைத்து மேலும் 40 நிமிடம் அளவில் சுடுவர். மேல் மூடியில் கத்தியால் நாலைந்து கீறல்கள் இடுவது அழகுக்காக மட்டுமன்று. பூரணத்தின் ஆவி வெளியேற அவையே வழி.

எவ்வளவு நேரம்?

தட்டு பெரிதானால் நேரமும் கூடுமா? ஆழம் மாறாவிட்டால் பெரும்பாலும் கூடாது. பைப் பண்டம் அகலமானது, ஆழம் குறைந்தது. வெப்பம் மேலிருந்தும் கீழிருந்துமே உள்ளே நுழைகிறது. பக்கங்களின் பங்கு சிறிது. ஆகவே 8 அங்குலமும் 9 அங்குலமும் ஏறத்தாழ ஒரே நேரத்தில் வேகும்.

ஆழத்தை இரு மடங்காக்கிப் பாருங்கள். சூடாக வேண்டிய பொருள் இரு மடங்கு. வெப்பம் கடக்க வேண்டிய தூரமும் இரு மடங்கு. அதனால் அது பாயும் வேகம் பாதியாகிறது. ஆக, நடுப்பகுதி வேகத் தேவையான நேரம் சுமார் நான்கு மடங்கு! இங்கும் வர்க்கம்தான் ஆட்சி செய்கிறது. நடு வேகுமுன் மேல்புறம் கருகிவிடும் என்பதால்தான் இப்பண்டத்தை உயரமாகச் செய்வதில்லை.

ஓவனிலிருந்து எடுத்தவுடன் வெட்டுவதும் தவறு. ஆப்பிளோடு சேர்த்த மக்காச்சோள மாவு, சூட்டில் நீரை உறிஞ்சிப் பருத்துச் சாற்றைக் கூழாக்குகிறது. அக்கூழ் ஆறும்போதுதான் இறுகும். மூன்று மணி நேரம் பொறுத்தால் துண்டுகள் ஒழுகாமல் நிற்கும்.

எத்தனை இலக்கம் வேண்டும்?

பை எண்ணைக் கணிப்பொறிகள் கோடிக்கணக்கான இலக்கங்கள் வரை கண்டுள்ளன. அதற்கு முடிவே இல்லை. நம் மாணவர்களோ 22/7 தான் அதன் சரியான மதிப்பு என்று மனப்பாடம் செய்துவிடுகிறார்கள். அது தோராயமே. உண்மை மதிப்பு 22/7 ஐவிடச் சற்றுக் குறைவு என்பதை ஆர்க்கிமிடீசே நிறுவியிருக்கிறார்.

அந்தத் தோராயத்தால் நமக்கு என்ன நட்டம்? 9 அங்குலத் தட்டின் பரிதியை 22/7 கொண்டு கணக்கிட்டால் வரும் பிழை, ஒரு மில்லிமீட்டரில் மூன்றில் ஒரு பங்குகூட இல்லை. 8 அங்குல விட்டத்தில் ஓர் அங்குலம் கூடினால் 27 விழுக்காடு பூரணம் கூடுதலாகத் தேவைப்படுகிறது. ஆழம் இரட்டித்தால் நேரம் நான்கு மடங்காகிறது. எந்தப் பிழை சிறியது, எந்தப் பிழை வர்க்கமாகப் பெருகும் என்று அறிவதே அளவீட்டின் உயிர்நாடி. நூறு இலக்கங்களை ஒப்பிப்பதைவிட இது பயனுள்ளது.

நாம் தேதியை நாள், மாதம் என்ற வரிசையில் எழுதுகிறோம். நம் முறைப்படி மார்ச் 14, பை எண்ணோடு பொருந்தாது. ஆனால் ஜூலை 22 ஐ எழுதிப் பாருங்கள்: 22/7! அந்நாளையும் 'பை தோராய நாள்' என்று சிலர் கொண்டாடுகிறார்கள். அன்று ஓவன் இல்லாவிட்டாலும் குறையில்லை. வீட்டில் ஒரு வட்டத் தட்டை எடுத்து, விளிம்பைச் சுற்றி நூலை வைத்து அளந்து, விட்டத்தால் வகுத்துப் பாருங்கள். பெரிய தாம்பாளத்திலும் சிறிய மூடியிலும் செய்யுங்கள். விடை 3.1 க்கும் 3.2 க்கும் இடையில் வந்தால் நன்றாகவே அளந்திருக்கிறீர்கள். எந்தத் தட்டில் பிழை குறைகிறது, ஏன் என்பதையும் சிந்தித்துப் பாருங்கள்.