உங்களுக்குத் தெரியுமா? மூழ்கிப் பிழைத்தவர் ஒலிம்பிக் தங்கம் வென்றார்!

அமெரிக்க நீச்சல் வீரர் கல்லன் ஜோன்ஸ் ஐந்து வயதில் உயிர் பிழைத்ததே பெரிய விஷயம். பென்சில்வேனியாவில் ஒரு நீர்ப் பூங்காவில் ரப்பர் மிதவையில் சறுக்கி இறங்கினார். கீழே குளத்தில் மிதவை குப்புறக் கவிழ்ந்தது. பயத்தில் அதை விடாமல் இறுகப் பற்றிக்கொண்டதால் தலை தண்ணீருக்குள்ளேயே இருந்தது, நினைவு தப்பிவிட்டது. முதலுதவி செய்து மீட்டார்கள். இன்னொரு அம்மாவாக இருந்தால் தண்ணீர்ப் பக்கமே விட்டிருக்க மாட்டார். இவருடைய அம்மாவோ உடனே நீச்சல் வகுப்பில் சேர்த்தார். என்ன துணிச்சல்!

வட கரோலினா மாநிலப் பல்கலைக்கழகத்துக்காக நீந்திய ஜோன்ஸ், 2006-ல் கல்லூரிகளுக்கான தேசியப் போட்டியில் 50 யார்டு ஃப்ரீஸ்டைலில் முதலிடம் பிடித்தார். அதே ஆண்டு தொடர் நீச்சல் அணியோடு உலக சாதனை. 50 மீட்டர் குள நீச்சலில் அந்தப் பெருமை பெற்ற முதல் ஆப்பிரிக்க அமெரிக்கர் இவர்தான். 2008 பெய்ஜிங் ஒலிம்பிக்கில் மைக்கேல் ஃபெல்ப்ஸ் இருந்த 4x100 ஃப்ரீஸ்டைல் அணியில் மூன்றாவதாக நீந்தினார். பிரான்ஸை வெறும் 0.08 நொடியில் முந்தித் தங்கம்! 2012 லண்டனில் 50 மீட்டரில் வெள்ளி.

பதக்கங்களைவிடப் பெரிதாகத் தோன்றுவது பெய்ஜிங் வெற்றிக்குப் பின் அவர் செய்த வேலை. அமெரிக்காவில் கறுப்பினக் குழந்தைகளில் பெரும்பாலோருக்கு நன்றாக நீந்தத் தெரியாது. பல காலம் பொதுக் குளங்களில் அவர்களை அனுமதிக்காததும் அதற்கு ஒரு காரணம். குழந்தைகளுக்கு நீச்சல் கற்றுத்தரும் ‘மேக் எ ஸ்பிளாஷ்’ இயக்கத்தின் தூதராக ஜோன்ஸ் ஊர் ஊராகப் போய்க் குழந்தைகளோடு குளத்தில் இறங்கினார். தான் மூழ்கிய கதையைச் சொல்லி, பெற்றோரையும் நீச்சல் பழக அழைத்தார்.