கணிப்பொறியின் கரு

அரியலூரை அடுத்த கல்லங்குறிச்சியில் நிலத்தை அகழ்ந்து சுண்ணாம்புக்கல் எடுக்கின்றனர். அக்கல்லைப் பொடித்துக் களிமண் முதலியவற்றோடு சேர்த்து, ஏறத்தாழ 1450 பாகை வெப்பத்திற் சுட்டு, பின்னர் ஜிப்சம் கலந்து அரைத்தால் சிமிட்டி ஆகின்றது. மூட்டையில் அடைத்த சிமிட்டி வீடு கட்ட உதவும். ஆயின் அதனின்று மீண்டும் கல்லை உண்டாக்குதல் இயலாது.

கணிப்பொறியில் இயங்கும் நிரல்களும் இத்தன்மையனவே. மனிதர் படித்துணரத் தக்க மொழியில் எழுதப்படுவது மூலநிரல். தொகுப்பி என்னும் மற்றொரு நிரல் அதனைப் பொறிக்கு விளங்கும் எண்வரிசையாக மாற்றுகின்றது. விலைக்குக் கிடைக்கும் மென்பொருள்களிற் பெரும்பாலானவை இவ்விரண்டாம் நிலையிலேயே வாங்குவோர் கையை அடைகின்றன. அவற்றை இயக்கலாம், உள்ளே நிகழ்வது யாதென அறிதலும், பிழை கண்டவிடத்துத் திருத்துதலும் எளிதல்ல. மூலநிரல் கிடைத்தவர்க்கோ இரண்டும் கைகூடும்.

கணிப்பொறியின் நிரல்கள் அனைத்திற்கும் அடிப்படையாக நிற்பது கெர்னல் ஆகும். விதையின் உள்ளிருக்கும் பருப்பைக் குறிக்கும் அவ்வாங்கிலச் சொல்லைத் தமிழிற் கரு எனலாம். ஏரிநீரை முறைவைத்து வயல்தோறும் பாய்ச்சும் நீர்க்கட்டியின் பணி போன்றது இதன் பணி. செயலியின் நேரத்தை நிரல்களுக்குப் பகிர்ந்தளிப்பதும், நினைவகத்தில் இடம் ஒதுக்குவதும், வட்டு, திரை, விசைப்பலகை ஆகியவற்றோடு பேசுவதும் இக்கருவே.

1991ஆம் ஆண்டில் பின்லாந்து நாட்டு ஹெல்சிங்கிப் பல்கலைக்கழக மாணவர் லினஸ் டோர்வால்ட்ஸ் என்பார், தம் கணிப்பொறிக்கெனக் கரு ஒன்றை எழுதத் தொடங்கினார். அப்போது அவருக்கு அகவை 21. முதற் பதிப்பு ஏறத்தாழப் பத்தாயிரம் வரிகளே கொண்டது. மூலநிரலை எவரும் பெறலாம், மாற்றலாம், பிறர்க்கு வழங்கலாம் என்னும் உரிமத்தின்கீழ் 1992இல் அதனை அவர் வெளியிட்டார். லினக்ஸ் எனப்படும் அக்கரு இன்று மூன்று கோடி வரிகளுக்கு மேல் வளர்ந்துள்ளது. ஆண்டிராய்டு கைப்பேசிகளின் உள்ளிருப்பதும் அதுவே. சென்னையிலுள்ள சி-டாக் நிறுவனத்தார் உருவாக்கி 2007இல் வெளியிட்ட பாஸ் என்னும் இந்திய இயக்க முறைமையும் இக்கருவின்மீது அமைந்ததே. 2011இல் தமிழக அரசு மாணவர்க்கு மடிக்கணினி வழங்கத் தொடங்கியபோது, விண்டோசுடன் பாசும் அவற்றில் இடம்பெற்றது.

இயக்க முறைமையோடு வரும் கரு, பல வகைக் கணிப்பொறிகட்கும் பொதுவாக ஆக்கப்பட்டது. எனவே ஒருவருக்குத் தேவையற்ற பகுதிகள் அதில் மிகப் பல. தம் பொறிக்கு ஏற்ற கருவைத் தாமே ஆக்க விரும்புவோர் முதற்கண் லினக்ஸ் கருவின் தளத்திலிருந்து மூலநிரலைப் பெறுகின்றனர். சுருக்கிய நிலையில் அது ஏறத்தாழ 140 மெகாபைட் அளவினது. இடையில் எவரும் அதனை மாற்றவில்லை என்பதை உடன்வரும் மின்கையொப்பத்தாற் சரிபார்த்தல் வேண்டும். அவசரத்தில் இதனை விட்டுவிடுவோர் பலர்; விடத் தக்கதன்று.

அடுத்ததாகிய தெரிவே இப்பணியின் உயிர்நிலை. ஆயிரக்கணக்கான கூறுகள் பட்டியலாகத் திரையில் தோன்றும். ஒவ்வொன்றையும் கருவினுள்ளே சேர்ப்பதா, வேண்டும்போது மட்டும் ஏற்றத்தக்க தனிக்கூறாக வைப்பதா, முற்றும் நீக்குவதா என முடிவு செய்தல் வேண்டும். அத்தனையையும் ஒருவர் ஆராய்தல் இயலாதாகலின், ஏற்கெனவே ஓடிக்கொண்டிருக்கும் கருவின் தெரிவுக் கோப்பைப் படியெடுத்து, அதில் வேண்டியவற்றை மட்டும் மாற்றுதல் வழக்கம். அவ்வேளையில் பயன்பட்டுக்கொண்டிருக்கும் கூறுகளை மட்டும் தானே பொறுக்கியெடுக்கும் கட்டளையும் உண்டு. ஆயின் அதில் ஓர் இடர் உளது. அப்போது பென் டிரைவ் செருகப்படாதிருந்தால் அதற்குரிய கூறு விடுபட்டுப்போம். சில நாள் கழித்து அதனைச் செருகுவோர் ஏதும் நிகழாமை கண்டு திகைப்பர்.

தெரிவு முடிந்தபின் 'மேக்' என்னும் கட்டளையால் தொகுப்பு தொடங்குகின்றது. ஆற்றல் மிக்க பொறியில் சில நிமிடங்களும், பழைய மடிக்கணினியிற் சில மணி நேரமும் ஆகும். பின்னர்த் தனிக்கூறுகளையும் கருவையும் உரிய இடங்களில் நிறுவி, கணிப்பொறி விழித்தெழும்போது கருவை நினைவகத்தில் ஏற்றும் கிரப் என்னும் நிரலின் பட்டியலிற் புதிய பெயரைச் சேர்த்தல் வேண்டும்.

பழைய கருவை அழித்துவிட்டுப் புதியதை நிறுவுதல் அறியாமையாகும். வட்டினைப் படிப்பதற்குரிய கூறு தெரிவில் விடுபட்டிருந்தால், புதிய கரு தன் கோப்புகள் இருக்கும் இடத்தை அடைய இயலாமல் திரையிற் சில வரிகளை எழுதிவிட்டு நின்றுவிடும். பழைய கரு பட்டியலில் இருந்தால், பொறியை மீண்டும் இயக்கி அதனைத் தேர்ந்து உள்ளே புகுந்து பிழையைத் திருத்தலாம். இல்லையேல் வேறொரு வட்டின் துணையை நாடவேண்டும்.

பொதுவான பொறி வைத்திருப்போர்க்கு இவ்வளவு உழைப்பு எதற்கு என்னும் வினா நேர்மையானதே. அவருட் பெரும்பாலோர்க்கு இது தேவையில்லை. உலகில் முன்பு இல்லாத செயலி ஒன்றை ஆக்குவோர்க்கோ வேறு வழியில்லை. அதற்குரிய கருவை எக்கடையும் விற்பதில்லை. சென்னை இந்தியத் தொழில்நுட்பக் கழகத்தில் பேராசிரியர் காமகோடியின் தலைமையில் நிகழ்ந்த சக்தித் திட்டம் இத்தகையது. அமெரிக்காவின் பெர்க்கிலியில் 2010இல் தோன்றி, எவரும் பயன்படுத்தத் திறந்து விடப்பட்ட ரிஸ்க்-ஃபைவ் என்னும் ஆணைத்தொகுதியை அக்குழுவினர் மேற்கொண்டனர். அவ்வாணைத்தொகுதிக்குரிய பகுதி 2018 சனவரியில் வெளிவந்த லினக்ஸ் 4.15ஆம் பதிப்பில் இடம்பெற்றது. இவ்வகைச் செயலிக்கான கருவை அச்செயலியிலேயே தொகுக்கவேண்டுவதில்லை. வேறு வகைப் பொறியில் தொகுத்து இதற்கு மாற்றலாம். அவ்வாண்டிலேயே ஆரிகன் மாநிலத்திலுள்ள இன்டெல் ஆலையில் ரைஸ்கிரீக் என்னும் பெயரில் ஏறத்தாழ முந்நூறு சக்திச் சில்லுகள் ஆக்கப்பட்டன. சென்னையில் வடிவமைத்த அச்சில்லில் லினக்ஸ் கரு இயங்கியது.