திரை இருண்டால் முதலில் கேபிளைப் பாருங்கள்

ஊர்ச் சேவை மையத்தில் சாதிச் சான்றிதழுக்காகப் பலர் காத்திருக்கிறார்கள். திடீரென்று கணினியின் திரை இருண்டு விடுகிறது. வந்தவர்களுக்கு ஒரு நாள் கூலி போய்விடும். புதுத் திரை வாங்கப் பல ஆயிரம் ரூபாய் வேண்டும். ஆனால் திரை கெட்டுப் போயிருக்க வேண்டும் என்பதில்லை. கேபிள் பழுதாக இருக்கலாம்.

கேபிளின் வேலை என்ன?

கணினிப் பெட்டியில் உருவாகும் படத்தைத் திரைக்குக் கொண்டு வருவது கேபிள். அது அறுந்தால் படம் வராது. பெட்டிக்குள் சேமித்த விவரங்கள் அதனால் அழிவதில்லை. பயப்பட வேண்டாம்.

நிறம் சொல்லும் செய்தி

வி.ஜி.ஏ. என்ற கேபிள் 1987-இல் வந்தது. இன்றும் பல இடங்களில் இருக்கிறது. இதில் சிவப்பு, பச்சை, நீலம் ஆகிய மூன்று நிறங்களும் தனித்தனிக் கம்பிகளில் வருகின்றன. மூன்றும் சேர்ந்தால்தான் வெள்ளை. நீலக் கம்பி அறுந்தால் வெள்ளை மஞ்சளாகத் தெரியும். சிவப்புக் கம்பி அறுந்தால் நீலப்பச்சையாகத் தெரியும். பச்சைக் கம்பி அறுந்தால் ஊதா கலந்த சிவப்பாகத் தெரியும்.

எப்படிச் சோதிப்பது?

1. கணினியையும் திரையையும் நிறுத்துங்கள். மின் பிளக்கைக் கழற்றுங்கள்.

2. கேபிளின் இரு முனைகளிலும் உள்ள திருகுகளைத் தளர்த்துங்கள். தலையைப் பிடித்து நேராக இழுங்கள். கம்பியைப் பிடித்து இழுக்காதீர்கள்.

3. முனையில் 15 ஊசிகளுக்கு இடம் உண்டு. ஏதாவது வளைந்திருக்கிறதா என்று பாருங்கள். சில கேபிள்களில் நடு வரிசையில் ஓர் ஊசி இருக்காது. அது பழுது அல்ல.

4. அதே கேபிளை மறுபடி மாட்டித் திருகை இறுக்குங்கள். தளர்ந்திருந்தால் இதிலேயே சரியாகிவிடும்.

5. சரியாகாவிட்டால் நல்ல கேபிள் ஒன்றை மாட்டிப் பாருங்கள். படம் தெளிந்தால் பழைய கேபிள்தான் பழுது. அதே வகைக் கேபிள் வாங்கினால் போதும். கடைக்குப் பழையதையும் எடுத்துச் செல்லுங்கள்.

எச்சரிக்கை

பின்புறம் பருத்த பழைய திரைகள் சிலவற்றில் கேபிளைத் தனியே கழற்ற முடியாது. அதற்காகத் திரையைத் திறக்காதீர்கள். மின்சாரத்தை நிறுத்திய பிறகும் உள்ளே உயிரைப் பறிக்கும் மின்சாரம் தங்கியிருக்கும். அது பழுது பார்ப்பவரின் வேலை.

புதுக் கேபிளை மடக்காதீர்கள். மேசைக் காலில் நசுங்க விடாதீர்கள். எலி கடிக்காத இடத்தில் வையுங்கள். பல நாள் உழைக்கும்.