இருமலும் தடிப்பும் ஒவ்வாமைதானா? குடற்புழுவும் உடலின் எதிர்ப்பும்

ஊருக்குத் திரும்பிச் சில வாரங்களில் பிள்ளைக்கு வறட்டு இருமல் தொடங்குகிறது. இரவில் நெஞ்சு இழுக்கிறது. தோல் திட்டுத்திட்டாகத் தடித்துக் கடிக்கிறது. "முகாமில் இருக்கும்போது இது இல்லை, ஊர்த் தண்ணி ஒத்துக்கொள்ளவில்லை" என்று வீட்டுப் பெரியவர்கள் சொல்வார்கள். இரத்தம் சோதித்தால் துண்டில் 'இயோசினோபில்' கூடுதல் என்று இருக்கும். உடனே அலர்ஜி என்று முடிவு கட்டி, முட்டை, மீன், இறால் எல்லாவற்றையும் நிறுத்திவிடுகிறோம். ஏற்கெனவே மெலிந்திருக்கும் பிள்ளைக்கு இது பெரிய இழப்பு. நிறுத்துவதற்கு முன் குடற்புழு இருக்கிறதா என்று பாருங்கள்.

கிருமி மிகச் சிறியது. வெண்குருதிக் கலங்கள் அதை விழுங்கி அழித்துவிடும். வளர்ந்த வட்டப்புழுவோ 15 முதல் 35 சென்ரிமீற்றர் வரை நீளமானது. அதை எந்தக் கலமும் விழுங்க முடியாது. ஆகவே உடல் வேறு வழியில் போராடுகிறது. ஐஜிஈ என்ற பிறபொருளெதிரியைப் பெருமளவில் உண்டாக்குகிறது. இது குடல், தோல், சுவாசப்பை ஆகியவற்றிலுள்ள மாஸ்ட் கலங்களில் ஒட்டிக் காத்திருக்கும். புழுவின் புரதம் அதில் பட்டதும் கலத்திலிருந்து ஹிஸ்டமின் வெளியேறும். அப்போது சளி சுரக்கும், குடல் இறுகும், தோல் வீங்கிக் கடிக்கும். புழுவை வெளியே தள்ளுவதற்கான ஏற்பாடு இது. இரத்தத்தில் கூடும் இயோசினோபில் கலங்கள் புழுவின் குடம்பிகளில் ஒட்டி, அவற்றைக் கொல்லும் நச்சுப் பொருள்களைச் சொரிகின்றன.

தூசிக்கும் இறாலுக்கும் ஒவ்வாமை வருபவரின் உடலிலும் இதே ஐஜிஈதான் வேலை செய்கிறது. புழுவுக்கென்று இருக்கும் ஆயுதம் அங்கே தீங்கில்லாத பொருளை நோக்கித் திரும்பிவிடுகிறது. அதனால்தான் இரண்டுக்கும் அறிகுறிகள் ஒன்றுபோல் தெரிகின்றன. போதாததற்கு, வட்டப்புழுவிலுள்ள ஒரு புரதம் இறாலிலும் வீட்டுத்தூசி உண்ணியிலும் உள்ள புரதத்தை ஒத்தது. புழு உள்ள பிள்ளைக்கு ஒவ்வாமைச் சோதனை செய்தால், உண்மையில் ஒத்துக்கொள்ளும் உணவும் ஒவ்வாதது போலக் காட்டலாம். ஐஜிஈயோ இயோசினோபிலோ கூடியிருப்பதை மட்டும் வைத்து உணவை நிறுத்த வேண்டாம்.

இருமல் எங்கிருந்து வருகிறது? மண்பட்ட கையோடு விழுங்கிய வட்டப்புழு முட்டை குடலில் பொரிக்கும். குடம்பி குடற்சுவரைத் துளைத்து, இரத்தத்தோடு சுவாசப்பைக்குப் போய், தொண்டைக்கு ஏறி, மறுபடி விழுங்கப்பட்டுக் குடலில் வந்து வளரும். சுவாசப்பையில் அது இருக்கும் நாட்களில்தான் இருமலும் இழுப்பும் வரும். கொளுக்கிப்புழுவின் குடம்பி வெறுங்காலைத் துளைத்து நுழைகிறது. மாரி மழையில் ஈரமான, நிழல் விழும் மணல் அதற்கு நல்ல இடம். கால்விரலிடுக்கில் கடி எடுத்தால் அதையும் நினையுங்கள். இந்தப் புழு குடலில் இரத்தம் குடித்துக் குருதிச்சோகையை உண்டாக்கும். ஆசனவாயில் கடிக்கும் கீரைப்பூச்சி அப்படியல்ல. அது குடலோடு நின்றுவிடுவதால் இயோசினோபில் பெரிதாகக் கூடுவதில்லை.

இன்னொரு பேச்சும் உண்டு: "புழு இருந்தால் அலர்ஜி வராது." இதில் ஓரளவு உண்மை இருக்கிறது. நீண்டகாலம் உடலில் தங்கும் புழு, தான் பிழைப்பதற்காக எதிர்ப்பைத் தணிக்கிறது. ஆபிரிக்காவின் காபோன் நாட்டில் புழுத் தொற்றுள்ள பாடசாலைப் பிள்ளைகளிடம் தூசிக்கான தோல் எதிர்வினை குறைவாக இருந்தது. ஆனால் வட்டப்புழு உள்ளவர்களிடம் தொய்வு கூடுதலாகக் காணப்பட்டதாகவே பல ஆய்வுகள் சொல்கின்றன. பிள்ளையின் இரத்தத்தையும் வளர்ச்சியையும் கொடுத்து வாங்கும் காப்பு நமக்கு வேண்டியதில்லை.

பூச்சிக் குளிசை பெரும்பாலும் ஒரே தடவைதான்: மெபென்டசோல் 500 மில்லிகிராம் அல்லது அல்பென்டசோல் 400. இரண்டு வயதுக்குக் குறைந்த பிள்ளைக்கு அளவைக் கேட்டே கொடுங்கள். கர்ப்பிணிகள் முதல் மூன்று மாதங்களில் எடுக்கக்கூடாது; குடும்பநல உத்தியோகத்தரிடம் சொல்லுங்கள். குளிசை முக்கியமாகக் குடலிலுள்ள புழுவைத்தான் கொல்லும். சுவாசப்பையில் இருக்கும் குடம்பியால் வரும் இருமல் சில நாட்கள் நீடிக்கலாம். தொய்வு உள்ள பிள்ளையின் பம்பை இதற்காக நிறுத்திவிடாதீர்கள். மூச்சு முட்டினால் உடனே வைத்தியசாலைக்குக் கொண்டுபோங்கள்.

கடிக்கும் இழுப்புக்கும் கடையில் நீங்களாகவே ஸ்டீரொயிட் குளிசை வாங்கிக் குடிக்க வேண்டாம். ஸ்ட்ரோங்கிலோயிடீஸ் என்றொரு புழு உடலுக்குள்ளேயே பெருகிப் பல ஆண்டுகள் ஒளிந்திருக்கும். இரண்டாம் உலகப் போரில் பர்மா–தாய்லாந்து ரயில்பாதையில் வேலை செய்த போர்க்கைதிகளிடம் 30 ஆண்டுகளுக்குப் பின்னும் அது காணப்பட்டது. ஸ்டீரொயிட் உடலின் எதிர்ப்பை அடக்கும்போது அது எங்கும் பரவி உயிரையே பறிக்கலாம்.

ஒரு தடவை புழு வந்ததால் மறுபடி வராது என்றில்லை. அம்மை போல் உடல் இதற்கு முழுக் காப்பைப் பெறுவதில்லை. ஒரு பெண் வட்டப்புழு நாளொன்றுக்கு இரண்டு லட்சம் முட்டை வரை இடும். அவை மண்ணில் ஆண்டுக்கணக்கில் உயிரோடு கிடக்கும். நீங்கள் இல்லாத காலத்தில் உங்கள் வளவை யார் எப்படிப் பாவித்தார்கள் என்பது தெரியாது. ஆகவே பற்றை வெட்டும்போதும் பிள்ளைகள் விளையாடும்போதும் செருப்புப் போடுங்கள். சாப்பிடுமுன் சவர்க்காரம் போட்டுக் கை கழுவுங்கள். மலசலகூடத்தை வீட்டு வேலையோடு முதலிலேயே கட்டுங்கள். கண்ணிவெடி அகற்றப்பட்டதென உறுதிசெய்யப்பட்ட நிலத்தில் மட்டும் குழி வெட்டுங்கள். கிணற்றிலிருந்து எவ்வளவு தூரம் என்பதைப் பொதுச் சுகாதாரப் பரிசோதகரிடம் கேளுங்கள். யாழ் குடாநாட்டில் சுண்ணாம்புக்கல் வெடிப்புகளூடாகக் குழிநீர் கிணற்றுக்கு எளிதில் போய்விடும் என்பதால், அங்கே அவர் வந்து இடத்தைப் பார்த்த பிறகே வெட்டத் தொடங்குங்கள்.