சாவி யாரிடம் இருக்கிறது?

எங்கள் ஏரியாவில் ஓர் ஆஸ்பத்திரி. பெயர் வேண்டாம். நாளைக்கும் நான் அங்கேதான் போயாக வேண்டும்!

அதன் வரவேற்பறைச் சுவரில் ஒரு பச்சைப் பெட்டி. 'உங்கள் ஆலோசனைகள் வரவேற்கப்படுகின்றன' என்று மஞ்சள் பெயின்ட்டில் அழகாக எழுதியிருக்கும். பக்கவாதம் வந்த என் அப்பாவை பிசியோதெரபிக்காக வாரத்தில் மூன்று நாள் வீல்சேரில் வைத்து அங்கே தள்ளிக்கொண்டு போவேன்.

ஒருநாள் அப்பா இடது கையால் கஷ்டப்பட்டு ஒரு சீட்டு எழுதினார். பெட்டியில் போடுவதற்காகக் கையை உயர்த்தினார். எட்டவில்லை. பெட்டி மாட்டியிருந்தது ஐந்தடி உயரத்தில்! கை, கால் விளங்காதவர்கள் தினமும் வந்து போகிற இடத்தில், ஆலோசனை சொல்ல வேண்டுமென்றால் முதலில் எழுந்து நிற்கத் தெரிந்திருக்க வேண்டும்.

நான் வாங்கிப் போட்டேன். பக்கத்தில் நின்ற செக்யூரிட்டியிடம், "இதை எப்பங்க திறப்பீங்க?" என்றேன்.

"தெரியலையே சார். நான் வந்து நாலு வருஷமாச்சு. யாரும் திறந்து பார்த்ததில்லை."

"சாவி யாருகிட்ட இருக்கு?"

"பழைய மேனேஜர்கிட்ட இருந்துச்சு. அவர் கோயமுத்தூர் போயிட்டாரு சார்."

சாவியும் கூடவே போய்விட்டது போலிருக்கிறது.

சீட்டில் அப்பா எழுதியது ரொம்பச் சின்ன விஷயம். எங்களுக்குக் கொடுத்திருந்த நேரம் காலை எட்டரை. பிசியோதெரபி இரண்டாவது மாடியில். லிஃப்ட்டைத் திறக்கிற ஆள் டியூட்டிக்கு வருவது ஒன்பது மணிக்கு! ஆக, நடக்க முடியாதவருக்கு நடை சொல்லித் தருகிற இடத்துக்கு நடந்துதான் போக வேண்டும்.

இதில் யாரையும் திட்ட முடியாது. எட்டரை மணி என்று வைத்தவர் நல்லவர். வெயிலுக்கு முன்னால் முடியட்டும் என்று வைத்திருக்கிறார். லிஃப்ட்டுக்கு ஒன்பது மணி என்று வைத்தவரும் நல்லவர். விசிட்டர்ஸ் நேரம் பார்த்து வைத்திருக்கிறார். இரண்டையும் சேர்த்து அனுபவிக்கிற ஒரே ஆள் என் அப்பா. அவரைத்தான் யாரும் கேட்கவில்லை.

நான் பி.காம். படித்தவன். ஒரு கம்பெனியில் பத்தே பத்து ஷேர் வைத்திருப்பவர்கூட வருடத்துக்கு ஒரு தடவை பொதுக்கூட்டத்துக்குப் போய் சேர்மனை எழுந்து கேள்வி கேட்கலாம். வைத்தியத்திலோ, மொத்த முதலீடும் நோயாளியுடையது. உடம்பே அவருடையதுதான்! ஆனால், கூட்டத்துக்கு மட்டும் அவருக்கு அழைப்பு கிடையாது.

கோழிக்கோட்டில் ஆரம்பித்த கதை

இதை மாற்றிக் காட்ட முடியுமா? முடியும் என்று காட்டியவர்கள் பக்கத்து மாநிலத்திலேயே இருக்கிறார்கள்.

1993-ல் கோழிக்கோடு மருத்துவக் கல்லூரியில் டாக்டர் எம்.ஆர்.ராஜகோபால், டாக்டர் சுரேஷ்குமார் உள்ளிட்ட சிலர் வலி தணிப்புச் சிகிச்சைக்காக ஒரு சங்கம் ஆரம்பித்தார்கள். 'இனிமே செய்றதுக்கு ஒண்ணுமில்லை, வீட்டுக்குக் கூட்டிட்டுப் போங்க' என்று அனுப்பப்படுகிற புற்றுநோயாளிகளின் வலியையாவது குறைப்போம் என்பது எண்ணம். நல்ல காரியம்தான். ஆனால், வலியால் துடிக்கிறவர் பஸ் பிடித்து கோழிக்கோடு வர வேண்டுமே? படுத்த படுக்கையாகக் கிடப்பவர் வர முடியாது. கூட ஓர் ஆள் வந்தால் அன்றைய கூலி போச்சு.

கிளினிக்கிலிருந்து டாக்டர்கள் நோயாளியின் வீட்டுக்குப் போக ஆரம்பித்தபோதுதான் விஷயம் புரிந்தது. டாக்டர் பட்டியலில் முதலில் இருப்பது வலி. வீட்டின் பட்டியலில் வேறு என்னென்னவோ இருந்தது. வீட்டில் அரிசி இல்லை. பையன் ஸ்கூலுக்குப் போகவில்லை. புண்ணைச் சுத்தம் செய்ய மனைவிக்குத் தெரியவில்லை. எல்லாவற்றுக்கும் மேலே, 'மாசக்கணக்கா யாரும் இந்த வாசப்படி ஏறி வரலை' என்கிற ஏக்கம். இதற்கெல்லாம் எந்த மெடிக்கல் ஷாப்பில் மாத்திரை கிடைக்கும்?

அதனால், 2001-ல் வட கேரளத்தில் வேறு மாதிரி ஓர் ஏற்பாடு பிறந்தது. அக்கம்பக்கத்தவர்களே நடத்துகிற பராமரிப்பு வலை. வாரத்துக்கு இரண்டு மணி நேரமாவது ஒதுக்கத் தயாராக இருக்கிற யாரும் சேரலாம். பதினாறு மணி நேரம் வகுப்பு. பிறகு நான்கு நாள் அனுபவசாலிகளோடு போய் நேரடிப் பயிற்சி. பத்துப் பதினைந்து பேர் தேறியதும் அவர்கள் தங்கள் ஊரில் ஒரு குழு. யார் வீட்டில் யார் படுத்திருக்கிறார்கள், அவர்களுக்கு என்ன வேண்டும் என்று போய்க் கேட்டு, அதன்படி வேலையைத் திட்டமிடுவது குழு. வைத்தியம் பார்ப்பது டாக்டரும் நர்ஸும். பணம்? பெரும்பாலும் உள்ளூரிலேயே, சில்லறை சில்லறையாகச் சேர்ந்தது.

என்னோடு அக்கவுன்ட்ஸ் செக்ஷனில் வேலை பார்க்கிற மலப்புறத்து நண்பர் ஒருவர் சொன்னார்: "என் மச்சான் ஆட்டோ ஓட்டறான். ஞாயித்துக்கிழமை ரெண்டு மணி நேரம் இதுக்குப் போயிடுவான். ஒரு தாத்தாவோட உட்கார்ந்து பேப்பர் படிச்சுக் காட்டறதுதான் அவனோட டியூட்டி."

"இதுவும் சிகிச்சையில சேர்த்தியா?" என்றேன்.

"அதைத் தாத்தாகிட்டதான் கேட்கணும்" என்றார். அதுதானே பாயின்ட்!

அரசாங்கமும் சும்மா இருக்கவில்லை. 2008-ல் வலி தணிப்புப் பராமரிப்புக்கென்று தனிக் கொள்கையை அறிவித்தது கேரளா. இந்தியாவில் அப்படி அறிவித்த முதல் மாநிலம் அதுதான். பஞ்சாயத்துகளும் இந்தப் பொறுப்பில் பங்கெடுத்துக்கொண்டன. வீட்டுக்கு வருகிற நர்ஸ், உள்ளூர்த் தொண்டர்கள், பஞ்சாயத்து மெம்பர், நோயாளியின் குடும்பம் என எல்லாரும் ஒரே திண்ணைக்கு வந்தார்கள்.

அப்படியானால் டாக்டர் எதற்கு?

நியாயமான கேள்வி. 'படிக்காதவங்களை உள்ளே விட்டா வைத்தியம் கெட்டுப் போகும்' என்று அங்கேயும் முணுமுணுப்பு இருந்தது. மார்ஃபின் எத்தனை மில்லிகிராம் என்பதை ஓட்டெடுப்பு நடத்தி முடிவு செய்ய முடியாது. அது டாக்டர் வேலை. ஆனால், மருந்தைக் காலையில் கொடுப்பதா, ராத்திரியிலா, கொடுக்கப் போவது யார், கடைசி நாட்களில் ஆஸ்பத்திரியா வீடா... இதெல்லாம் டாக்டர் தனியாக முடிவு செய்கிற சமாசாரம் இல்லை. டாக்டருக்கு நோய் தெரியும். நோயாளிக்கு அந்த நோயோடு எப்படிக் குடித்தனம் நடத்துவது என்று தெரியும். இரண்டும் இரண்டு படிப்பு.

இரண்டும் ஒரே இடத்தில் சேர்ந்தால் எப்படி இருக்கும் என்று பார்க்க, தென்காசி பக்கத்தில் ஆய்க்குடிக்குப் போகலாம். கடற்படை அதிகாரி தேர்வுக்காக 1975-ல் பெங்களூர் போன எஸ்.ராமகிருஷ்ணன் என்ற எஞ்சினீயரிங் மாணவர், அங்கே நடந்த விபத்தில் கழுத்துக்குக் கீழே செயலிழந்து போனார். அவர்தான் 1981-ல் அமர் சேவா சங்கத்தை ஆரம்பித்தார். பிற்பாடு அவரோடு சேர்ந்தவர் எஸ்.சங்கரராமன். தசைச் சிதைவு நோயால் வீல்சேரில் இருப்பவர், சார்ட்டர்ட் அக்கவுன்டன்ட்! (எங்கள் காமர்ஸ் ஜாதி என்பதில் எனக்குத் தனிப் பெருமை.) ராமகிருஷ்ணனுக்கு 2020-ல் பத்மஸ்ரீ கிடைத்தது. வீல்சேரில் இருப்பவர்களே முடிவெடுக்கிற இடத்தில், பெட்டியை ஐந்தடி உயரத்தில் மாட்டுவார்களா, சொல்லுங்கள்?

'எங்களைப் பற்றி எதுவானாலும் எங்களைக் கேட்காமல் வேண்டாம்' என்பது உலகம் முழுக்க மாற்றுத்திறனாளிகள் எழுப்பிய கோஷம். 2006-ல் ஐ.நா. கொண்டுவந்த மாற்றுத்திறனாளிகள் உரிமை உடன்படிக்கையிலேயே இது ஏறிவிட்டது. சம்பந்தப்பட்டவர்களைக் கலந்து பேசித்தான் சட்டதிட்டம் போட வேண்டும் என்கிறது அது. 2007-ல் இந்தியாவும் அதை ஏற்றுக்கொண்டது.

டூப்ளிகேட் ஜாக்கிரதை!

கமிட்டியில் நோயாளிப் பிரதிநிதி என்று ஒருவரைப் போட்டு, கடைசி நாற்காலியில் உட்கார வைத்து, இரண்டு சமோசா கொடுத்து, 'மினிட்ஸில் கையெழுத்துப் போடுங்க சார்' என்றால் அது கூட்டுறவு இல்லை, கூட்டணி தர்மம்! அசலா, போலியா என்று கண்டுபிடிக்க மூன்று கேள்விகள் போதும். ஒன்று, முடிவெடுப்பதற்கு முன்னால் கேட்டார்களா, பின்னால் கேட்டார்களா? இரண்டு, கூட்டம் நடக்கிற நேரமும் இடமும் நோயாளி வந்துபோகத் தோதாக இருக்கிறதா? மூன்று, அவர் சொன்னதால் ஏதாவது ஒன்றாவது மாறியதா? மாறவில்லை என்றால், ஏன் என்று அவருக்குப் பதில் சொன்னார்களா?

'நான் ஆபீஸ் போறவன், என்னால என்ன ஆகும்?' என்று கேட்காதீர்கள். கிரிக்கெட் மேட்ச் பார்க்க ஒரு நாளையே லீவ் போடுகிற நமக்கு, வாரத்தில் இரண்டு மணி நேரம் கிடைக்காதா? அடுத்த தடவை ஊருக்குப் போகும்போது, ஜனவரி 26, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2-ல் கூடுகிற கிராம சபையில் எழுந்து, 'நம்ம ஊர்ல படுக்கையில இருக்கறவங்க எத்தனை பேர்? அவங்களைப் போய் யாராவது கேட்டீங்களா?' என்று கேட்டுப் பாருங்களேன்.

நானும் சும்மா இல்லை. பிசியோதெரபிக்கு வருகிற இன்னும் ஆறு பேரின் வீட்டாரைச் சேர்த்துக்கொண்டு புது மேனேஜரைப் போய்ப் பார்த்தேன். இளைஞர், பொறுமையாகக் கேட்டார். "சாவி இல்லைன்னா பூட்டை உடைச்சிடலாம் சார்" என்று தச்சரைக் கூப்பிட்டார்.

உள்ளே நிறையச் சீட்டுகள். சிலது மங்கி மஞ்சளாகியிருந்தன. பாதிக்கு மேல் ஒரே விஷயம்: லிஃப்ட்! வருஷக்கணக்காக ஜனங்கள் சொல்லிக்கொண்டேதான் இருந்திருக்கிறார்கள். ஒரு சீட்டில் மட்டும் புகார் இல்லை. ராத்திரி முழுக்க அம்மாவின் பக்கத்திலேயே இருந்த ஒரு நர்ஸுக்கு மகள் எழுதிய நன்றி. அந்த நர்ஸ் போன வருஷம்தான் ரிட்டயர் ஆனாராம். சீட்டைப் பார்க்காமலே.

மேனேஜர் கொஞ்ச நேரம் எதுவும் பேசவில்லை. அந்தச் சீட்டை மட்டும் மடித்துத் தன் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார்.

இப்போது லிஃப்ட் எட்டு மணிக்கே ஓடுகிறது. பெட்டி மூன்றடி உயரத்துக்கு இறங்கிவிட்டது. புதுப் பூட்டு. மாதத்தின் முதல் சனிக்கிழமை எங்களில் இருவர் முன்னிலையில் திறப்பதாக ஏற்பாடு.

அப்பாவிடம் சொன்னேன். இன்னும் அவருக்குப் பேச்சு முழுசாகத் திரும்பவில்லை. வார்த்தைகளைக் கோத்து மெதுவாகச் சொன்னார்:

"டேய்... சாவி... ரெண்டா போடச் சொல்லு. ஒண்ணு... நம்மகிட்ட இருக்கட்டும்."