வீட்டுக்கு முன்னால் நீர்க்கணக்கு

கிங்ஸ் சர்க்கிளில் மழைக்காலம் வந்ததை அறியப் பஞ்சாங்கம் வேண்டாம். காந்தி மார்க்கெட் எதிரே பஸ் தண்ணீரில் நின்றால் போதும்.

ரயில்வேயில் 35 ஆண்டுகள் தண்டவாளப் பராமரிப்பில் இருந்தவன் நான். 2005 ஜூலை 26 அன்று சாந்தாகுருஸில் 24 மணி நேரத்தில் 944 மி.மீ. மழை பெய்தது. அன்று சயானுக்கும் குர்லாவுக்கும் நடுவே, இடுப்பளவு நீரில் தண்டவாளத்தைக் காலால் தடவிக்கொண்டே நடந்தேன். மித்தி நதி தாராவியின் ஓரமாகப் போய் மாஹிம் கழிமுகத்தில் கடலோடு சேர்கிறது. கனமழையின்போது கடல் ஏற்றமும் சேர்ந்துகொண்டால் நீர் வடியாது. சாக்கடை வழியே திரும்பி நம் வாசலுக்கு வரும்.

அந்தத் தாராவிதான் மாறப்போகிறது. பரப்பு சுமார் 240 ஹெக்டேர். 2022 டெண்டரில் அதானி குழுமம் 5,069 கோடி ரூபாய் கேட்டு முதலில் வந்தது. வீடு, கடை, அலுவலகம், தொழிற்கூடம் எல்லாம் அடுக்குமாடிகளாக எழும். அங்கேயே வீடு பெறத் தகுதி இல்லாதவர்களைக் குடியேற்ற, 2024ல் சுமார் 256 ஏக்கர் உப்பளத்தையும் தேவனார் குப்பைமேட்டில் 124 ஏக்கரையும் கொடுக்க மாநில அரசு முடிவு செய்தது. உப்பளம் மழைநீரைத் தாங்கிக்கொள்ளும் தாழ்நிலம் என்பதை நினைவில் கொள்ள வேண்டும்.

என்னிடம் கீமேனாக வேலை பார்த்த திருநெல்வேலிக்காரர் ஒருவர் தாராவியில் இருக்கிறார். இதைச் சொன்னபோது சிரித்தார். "மொதல்ல வீடு கெடைக்கட்டும் சார். தண்ணியப் பொறவு பாத்துக்கிடலாம்."

அவர் ஆசையில் குற்றமில்லை. நாற்பது வருடம் ஒற்றை அறையில் பிள்ளைகளை வளர்த்தவர். நானும் புது வீடு வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் எவ்வளவு நிலத்திலிருந்து எவ்வளவு நீர் வரும் என்று தெரியாமல், ரயில் பாலத்துக்கு நாங்கள் எத்தனை கண் என்று முடிவு செய்ததில்லை.

2006ஆம் ஆண்டுச் சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிவிக்கைப்படி, 20,000 சதுர மீட்டரும் அதற்கு மேலும் உள்ள கட்டடங்களுக்கு முன் அனுமதி வேண்டும். ஆனால் கட்டடங்களுக்கும் நகரியங்களுக்கும் மக்கள் கருத்துக்கேட்பிலிருந்து அதே அறிவிக்கை விலக்கு அளிக்கிறது. பெரிய சுரங்கம் தோண்டினால் ஊரைக் கூட்டிக் கேட்பார்கள். நம் தெருவை இடித்துக் கட்டினால் கேட்க வேண்டியதில்லை!

ஆகவே நாமேதான் கேட்க வேண்டும். கேள்விகள் மூன்று.

மழைநீர் வடிகால் கணக்கு தாராவி முழுமைக்கும் ஒன்றா, துண்டு துண்டாகவா?

ஆளுக்கு ஒரு நாளைக்கு 135 லிட்டர் தண்ணீர் என்பது நகரங்களுக்கான கணக்கு. ஐந்து பேர் கொண்ட 1,000 குடும்பங்களுக்கு 6,75,000 லிட்டர். அதில் பெரும்பகுதி கழிவுநீராகும். அது எங்கே போகும்?

குப்பைமேட்டில் குடியேற்றுமுன் அங்குள்ள மண்ணையும் வாயுவையும் யார் சோதிப்பார்கள்?

அனுமதி கிடைத்த பிறகும் ஒரு வழி உண்டு. விதித்த நிபந்தனைகளை நிறைவேற்றியதாக ஜூன், டிசம்பர் மாதங்களில் கட்டுபவர்கள் அறிக்கை தர வேண்டும். அது பொது ஆவணம். நம் சங்கக் குடும்பங்களில் இன்ஜினியர்களுக்கும் வக்கீல்களுக்கும் குறைவில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை கூடி, அவற்றைத் தமிழில் படித்துச் சொன்னால் என்ன?

முதல் வரிசையில் என் கீமேன் நண்பருக்கு ஒரு நாற்காலி போட்டு வைக்கிறேன்.