உங்களுக்குத் தெரியுமா? ஊசி போட்டால்தான் பள்ளிக்கூடம்!

✦ அம்மை குத்திக்கொள்ளாத பிள்ளைக்குப் பள்ளியில் இடமில்லை என்று அமெரிக்காவில் முதலில் சட்டம் போட்ட மாநிலம் மாசசூசெட்ஸ். ஆண்டு 1855. அன்றைக்கு இருந்த ஒரே தடுப்பூசி பெரியம்மைக்கானதுதான்.

✦ டெக்சாஸின் சான் அன்டோனியோ நகரில் அம்மை குத்தாத ஒரு மாணவியைப் பள்ளியில் சேர்க்க மறுத்தார்கள். ‘ஊரில் இப்போது நோயே இல்லையே’ என்று வழக்குப் போட்டது குடும்பம். 1922இல் உச்ச நீதிமன்றம் ஒருமனதாக நகரத்தின் பக்கம் நின்றது. நோய் வந்த பிறகு ஊசியைத் தேடி என்ன பயன்?

✦ 1977இல் லாஸ் ஏஞ்சலஸ் வட்டாரத்தில் தட்டம்மை பரவியது. ஊசிச் சான்று இல்லாத சுமார் 50,000 பிள்ளைகளைப் பள்ளிகள் வீட்டுக்கு அனுப்பின. பெரும்பாலானோர் சில நாட்களிலேயே ஊசி போட்டுக்கொண்டு திரும்பினார்கள். தட்டம்மையும் தணிந்தது. 1980க்குள் 50 மாநிலங்களிலும் இப்படிச் சட்டம் வந்துவிட்டது.

✦ தட்டம்மைக் கிருமி, நோயாளி வகுப்பறையை விட்டுப் போன பிறகும் 2 மணி நேரம் வரை காற்றில் இருக்கும். அதனால்தான் நூற்றுக்கு 95 பேராவது ஊசி போட்டிருக்க வேண்டும் என்கிறார்கள். ரத்தப் புற்றுநோய்க்குச் சிகிச்சை பெறும் குழந்தைக்கு இந்த ஊசியைப் போட முடியாது. பக்கத்து பெஞ்சுப் பிள்ளைகள் போட்டுக்கொண்ட ஊசிதான் அதற்குக் காவல். இந்தச் சட்டத்துக்கு இதைவிடப் பெரிய நியாயம் வேண்டாம்.

✦ 2014 டிசம்பரில் கலிபோர்னியாவின் டிஸ்னிலாந்தில் தட்டம்மை தொற்றியது. அடுத்த ஆண்டே, ‘எங்களுக்கு நம்பிக்கையில்லை’ என்று பெற்றோர் விலக்குக் கேட்கும் வழியை அந்த மாநிலம் அடைத்தது. மருத்துவக் காரணத்துக்கான விலக்கு மட்டும் நீடித்தது.

✦ அமெரிக்காவுக்குக் குடிபோகும் நம் பெற்றோர் கவனிக்க: நம் ஊரில் 9 மாதத்தில் போடும் தட்டம்மை ஊசி அங்கே கணக்கில் சேராது, முதல் பிறந்தநாளுக்குப் பின் போட்டதுதான் செல்லும். பொன்னுக்கு வீங்கி, சின்னம்மை ஊசிகள் நம் அரசு அட்டவணையில் இல்லை. அங்குள்ள பள்ளிகள் பெரும்பாலும் கேட்கும். வாய்ச்சொல் எடுபடாது, தேதியோடு எழுத்தில் வேண்டும். தடுப்பூசி அட்டையைப் பத்திரமாக எடுத்துவையுங்கள். விடுபட்ட ஊசிகளைப் பற்றிக் கிளம்பும் முன்பே மருத்துவரிடம் கேட்டுவிடுங்கள்.